பெர்ஃபெக்‌ஷனிசம்: முழுமைவாதமா, பிழையச்சமா?

குறையே இருக்கக்கூடாது என்று தவிக்கும் மனநிலையான பெர்ஃபெக்‌ஷனிசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘பெர்’ என்றால் முற்றாக. ‘ஃபக்கெரே’ என்றால் செய்தல். இரண்டும் கூடிய ‘பெர்ஃபிக்கெரே’, செய்து முடித்தலைக் குறிக்கும். அதன் வழியில் வந்ததுதான் ‘பெர்ஃபெக்ட்’. ஆக, குறையில்லாதது என்பதற்கு முன்பே, முடிந்தது என்ற பொருள் அதற்கு இருந்தது. நம்மிடம் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘முற்று’. நெல் முற்றுகிறது, வினை முற்றுகிறது, கதை முடிந்தால் ‘முற்றும்’ போடுகிறோம்.

19ஆம் நூற்றாண்டில் பெர்ஃபெக்‌ஷனிசம் ஒரு சமயக் கொள்கையின் பெயராகவும் இருந்தது. 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடாவில் குடியேறிக் கூட்டாக வாழ்ந்தவர்கள், இந்தப் பிறவியிலேயே பாவமற்ற நிலையை எட்டிவிடலாம் என்று நம்பினார்கள். பெர்ஃபெக்‌ஷனிஸ்டுகள் என்றே அறியப்பட்டார்கள். அந்த இடத்தில் ‘முழுமைவாதம்’ அப்படியே பொருந்தும். வாதம் என்றால் கொள்கைதானே.

உளவியலில் அது பொருந்தவில்லை. கனடா உளவியலாளர்கள் ஹெவிட்டும் ஃப்ளெட்டும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையைக் கேட்பது, பிறரிடம் கேட்பது, பிறர் தன்னிடம் கேட்பதாக எண்ணி வதைபடுவது. மனச்சோர்வோடும் தற்கொலை எண்ணத்தோடும் நெருங்கிய தொடர்புடையது மூன்றாவது. 1989 முதல் 2016 வரை அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் கல்லூரி மாணவர்கள் 40,000க்கும் மேற்பட்டோர் இந்த மூன்றையும் அளக்கும் கேள்விகளுக்குத் தந்த விடைகளை ஆய்வாளர்கள் கர்ரனும் ஹில்லும் தொகுத்துப் பார்த்தபோது, மிக வேகமாக, 33 சதவீதம், கூடியிருந்ததும் அதுவே.

பிழை செய்ததும், பத்தில் ஒரு நொடிக்குள் நம் எல்லோர் மூளையிலும் ஒரு மின் அலை எழுகிறது. முன்மூளையின் நடுப்பகுதி ‘தவறு’ என்று எச்சரிக்கும் அலை அது. பதற்ற நோய் உள்ளவர்களிடம் அது பொதுவாகப் பெரிதாகவே எழுகிறது. பெர்ஃபெக்‌ஷனிசம் உள்ள பலருக்கு அந்த அலை அடங்கினாலும் எண்ணம் அடங்குவதில்லை. செய்த பிழையையே மனம் அசைபோட, தூக்கம் கெடுகிறது.

எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கெடு கடந்தும் கட்டுரையை அனுப்பாமல் வைத்திருக்கும் மாணவியை ‘முழுமைவாதி’ என்றால் பாராட்டுப் போல ஒலிக்கிறது. அவளை ஆட்டுவது கொள்கையல்ல, பயம். அதனால் இந்த மனநிலைக்குப் ‘பிழையச்சம்’ என்பதே சரி என்பேன்.

‘நேர்த்தி’யை மட்டும் இதற்கு ஈடாக்க வேண்டாம். அது செய்த பொருளில் இருப்பது. நேர்த்தியாக நெய்கிறவர் சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்குகிறார். அடுத்த பாவு நூலைப் பிணைக்கிறார்.