ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்னால் வண்டியை எடை போடுங்கள்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன், பாதி நாள் வண்டிக்கு அடியில்தான் போகும். "அண்ணே, ஆள் ஏறினா பின்னாடி உட்காருது, நல்ல சஸ்பென்ஷனாப் போட்டு விடுங்க" என்று எஸ்யூவியோடு வருகிறவர்களிடம் பட்ஜெட் எவ்வளவு, எந்த கம்பெனி என்று நான் முதலில் கேட்பதில்லை. வண்டியில் என்ன ஏற்றுவீர்கள், அது மாதத்தில் எத்தனை நாள் வண்டியில் இருக்கும், இதுதான் என் கேள்வி. தெளிவாகப் பதில் வராவிட்டால் எடைமேடைக்கு அனுப்பிவிடுவேன், நெல் லாரி ஏறுகிற அதே எடைமேடைக்குத்தான். வழக்கமாக வருகிற ஆட்கள், சாமான், முழு டேங்க் டீசல் எல்லாவற்றோடும் முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, அப்புறம் முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை. கழித்துப் பார்த்தால் பின்பக்கம் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சீட்டையும் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பேருக்கு ஸ்பிரிங் மாற்றத் தேவையில்லை, சாமானைக் குறைத்தால் போதும் என்று புரியும்.

தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர், தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிக் கல்லைத் தன் எஸ்யூவியிலேயே ஏற்றி வந்தார். பத்து அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், நூறு கல் வைத்தால் கால் டன் பக்கம் வந்துவிடும். பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் இறங்கியதால் வெளியூரில் ஓரிடத்தில் கொடுத்துப் பின்னால் பாரம் தாங்கும் தடித்த ஸ்பிரிங் போட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் கல் வேலை முடிந்தது, ஸ்பிரிங் மட்டும் அப்படியே இருந்தது. காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கித் தூக்கிப் போட, பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்த அவருடைய ஆத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார். மாதத்தில் இரண்டு நாள் ஏற்றுகிற பாரத்துக்காக மீதி இருபத்தெட்டு நாளும் கட்டை வண்டி ஓட்டக்கூடாது. கல்லுக்கு லோடு ஆட்டோ இருக்கிறது.

ஸ்பிரிங்தான் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் தாங்குவதில்லை, ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். திருச்சி ரோட்டில் வேகமாகப் போகும்போது வண்டி படகு மாதிரி மிதந்தால், பள்ளம் தாண்டியும் இரண்டு மூன்று முறை ஆடினால், ஷாக் செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து செம்மண் அப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எந்நேரமும் இறங்கியே நின்றால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் இரண்டையும் தொடுவதற்கு முன்னால் புஷ் (இணைப்புக்குள் இருக்கிற ரப்பர்), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் இணைப்பு) எல்லாவற்றையும் கம்பி போட்டு நெம்பிப் பாருங்கள். சில நூறு ரூபாய் ரப்பர் தேய்ந்ததற்கு முழு செட்டையும் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

உயரம் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்மாய்க்கரை மண் பாதையில் அடி தட்டுகிறது என்று 40, 50 மில்லிமீட்டர் ஏற்றச் சொல்கிறார்கள். முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக இயங்கும் வண்டியில் அவ்வளவு ஏற்றினால் சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து வேலை செய்யும், அதன் மூட்டை மூடுகிற ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், சக்கரங்கள் நிற்கிற கோணம், அதாவது அலைன்மென்ட், மொத்தமாக மாறும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் போய் அடிக்கும். முன் கண்ணாடிக்குப் பின்னால் ரோட்டைப் பார்க்கிற கேமரா உள்ள புது மாடல்களில் அதையும் திரும்ப அளவு பிடிக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு) இல்லாத சில பழைய வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும், வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும். வண்டியை உயர்த்திவிட்டு அந்த வால்வின் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழு பாரத்தோடு போகும்போதும் அது காலி வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இதைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மாட்டுகிற முறையிலும் ஒன்று இருக்கிறது. வண்டி லிஃப்டில் தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையிலேயே சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும், கொஞ்ச நாளில் பிய்ந்துவிடும். போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அப்படிச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். அதில் தப்பே இல்லை.

டயரைப் பெரிதாக்குவதிலும் கணக்கு உண்டு. 235/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/65 ஆர்17 போட்டால் டயரின் மொத்த உயரம் 5 சதவீதத்துக்கு மேல் கூடும். மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 105-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் உரசவும் செய்யும்.

முன்னால் போடுகிற இரும்பு கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு அது விரோதம், நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள், மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை அது நசுங்கவிடாமல் செய்கிறது. ஏர்பேக் சென்சாருக்குப் போக வேண்டிய தகவலும் மாறிப்போகலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் நிலைமை இன்னும் மோசம். சீட் ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று தையல் விட்ட சீட் கவர்தான் போட வேண்டும், இறுக்கமான சாதாரண கவர் ஏர்பேக்கைத் தடுக்கும்.

லைட் விஷயம் சுருக்கமாக: 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 போட்டால் பழைய ஒயர் தாங்காது, ஹோல்டர் உருகும். பல்பை அந்த வாட்டிலேயே விடுங்கள். கூடுதலாக எந்த விளக்கு போட்டாலும் தனி ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்குகிற சுவிட்ச்), தனி ஃபியூஸ் வேண்டும், கம்பெனி ஒயரை வெட்டி இணைக்கவே விடாதீர்கள். போட்டதை எல்லாம் இன்சூரன்ஸிலும் எழுதிவிடுங்கள்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவந்து போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்பிரிங், ஷாக்கைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அந்தத் தேவகோட்டைக்காரர் தன் பழைய ஸ்பிரிங் இரண்டையும் சாக்கில் சுற்றி வீட்டின் இரண்டாங்கட்டில் போட்டு வைத்திருந்தார், அதனால்தான் ஒரே மதியத்தில் வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க முடிந்தது. ஷாக் மட்டும் புதிதாக வாங்கினோம்.