அமைதிப்படையை ஏன் அனுப்பினீர்கள் என்று ஆர்டிஐ-யில் கேட்காதீர்கள்

1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன மகன் திரும்பவில்லை. அந்தப் பெரியவர் தன் கைப்பட எழுதிய முதல் மனுவில் இருந்தது ஒரே வரி: "என் பையனை ஏன் அனுப்பினீர்கள்?" டில்லியிலிருந்து வந்த பதிலும் ஒரே வரிதான்: விளக்கம் கேட்பது 'தகவல்' ஆகாது.

நம் நாட்டில் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை, அமைச்சரவை முடிவே போதும். ஆகவே காரணம் கோப்பில்தான் கிடக்கும். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) 10 ரூபாய் கட்டி அதைக் கேட்கலாம்.

ஆனால் இந்தியக் குடிமக்கள் மட்டும். அந்தப் போரை நேரில் பார்த்துவிட்டு இங்கே முகாமில் இருப்பவர், குடியுரிமை இல்லையென்றால் கேட்க முடியாது. குடியுரிமை உள்ள நண்பர் யாராவது தன் பெயரில் போடட்டும்.

கட்டணமாக மாநில ஆபீசுக்கு ஒட்டும் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மத்திய அரசுக்குச் செல்லாது. போஸ்டல் ஆர்டரை 'அக்கவுண்ட்ஸ் ஆபீசர்' பெயருக்கு எடுங்கள். இதற்காகவே திரும்பி வந்த மனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

'ஏன்', 'எதற்கு' இரண்டையும் மறந்துவிடுங்கள். தாளைக் கேளுங்கள். "1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், படை அனுப்பிய முடிவு தொடர்பான கோப்புகளின் எண், தலைப்புப் பட்டியல் தரவும்." கோப்பு எண் கைக்கு வந்தபின் அடுத்த மனுவில் கோப்புக் குறிப்புகளின் நகல். வெளியுறவு, பாதுகாப்பு, பிரதமர் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றுக்குப் போட்டால் 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றுவார்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 30 ரூபாயோடு போகட்டும்.

20 ஆண்டு கடந்த சம்பவத்துக்கு, தகவல் தர மறுக்க இடம் தரும் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தாது என்கிறது பிரிவு 8(3). அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நமக்கு இடிக்கிற இரண்டு விலக்குகள் அப்போதும் உயிரோடு இருக்கும்: 8(1)(ஏ) நாட்டின் பாதுகாப்பு, 8(1)(ஐ) அமைச்சரவை ஆவணம். 'ஐ'-யைக் காட்டி மறுத்தால், முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் முடிவையும் காரணங்களையும் வெளியிட வேண்டும் என்று அதே உட்பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது. இன்னும் முடியவில்லை என்றால் எப்போதுதான் முடியும்?

'ஏ' கஷ்டம்தான். 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைத் தர வேண்டாம் என்று 2010-இல் மத்தியத் தகவல் ஆணையமே சொல்லிவிட்டது. இங்கே பிரிவு 10-ஐ எழுதுங்கள்: ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரச் சொல்லுங்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்றால் அது சட்டத்தில் உள்ள விலக்கே இல்லை. தேடி விசாரிக்க உத்தரவிடலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. மறுப்பை எதிர்த்து மேலதிகாரிக்குப் போடும் மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

பதில் வந்த கவரைக் கிழித்தெறியாதீர்கள். கடிதத்தில் 3-ஆம் தேதி இருக்கும், தபால்காரர் கொடுப்பது 27-ஆம் தேதி. முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாளைக் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அதற்குச் சாட்சி கவர் மேலிருக்கும் தபால் முத்திரைதான். அந்தப் பெரியவர் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.