அறிவியல் கற்பனையா, அறிவியல் புனைவா?

சயின்ஸ் ஃபிக்ஷனுக்குத் தமிழ்ல "அறிவியல் கற்பனை"ன்னு எழுதுறது ரொம்ப நாளா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு, பட விமர்சனத்துல, சப்டைட்டில்ல, போட்டி நோட்டீஸ்ல. சமீபத்துல கடலூர்ல ஒரு புத்தகக் கண்காட்சி, ஒரு ஸ்டால்ல "அறிவியல் கற்பனை – சிறுவர்"னு சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதி அடுக்குல ஒட்டியிருந்தாங்க. கீழ ஃபிராங்கன்ஸ்டைன் தமிழ்ச் சுருக்கம், அத ஒட்டி விக்கிரமாதித்தன் கதை, அதுக்கும் பக்கத்துல தேவதைக் கதைகள். ஏன்னு ஸ்டால்காரர்கிட்ட கேட்டா "எல்லாம் கற்பனைதானே சார்"ங்குறாரு. அவர் மேல கோபமே வரல, ஏன்னா அந்தப் பேரு அவருக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கு.

சொல்லோட பூர்வீகத்தை சுருக்கமா பாத்துடுவோம். சயின்ஸ், லத்தீன்ல "அறிதல்"ங்குற வேர்லேர்ந்து வந்தது. ஃபிக்ஷனுக்கு வேர் "ஃபிங்கெரெ", கையால பிசைஞ்சு உருவம் குடுக்கறது, களிமண்ண வனையறதுக்கும் அதே சொல்தான். ரெண்டையும் சேத்து 1851லயே ஒருத்தர் எழுதியிருக்காரு, ஆனா ஊர்ல புழக்கத்துக்கு வந்தது ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கால. அவரு 1926ல அமேசிங் ஸ்டோரிஸ் பத்திரிகைய ஆரம்பிச்சப்ப வச்ச பேரு "சயின்டிஃபிக்ஷன்", அது வாயில நுழையல, 1929 வாக்குல சயின்ஸ் ஃபிக்ஷன்னு ஆயிடுச்சு. பிரெஞ்சுல பழைய பேரு வேற, "ரொமான் தான்ட்டிசிபாசியோன்", அதாவது வரப்போறத முன்கூட்டியே பாக்குற நாவல். நம்ம புதுச்சேரியில பிரெஞ்சு படிச்ச பெரியவங்கள கேட்டா இது தெரியும். எனக்கு அந்தப் பேரு ரொம்பப் பிடிக்கும், ஆனா எல்லாக் கதையும் எதிர்காலத்துல நடக்கறதில்லையே, பின்னாடி அவங்களும் இங்கிலீஷ் பேரையே எடுத்துக்கிட்டாங்க.

இப்ப "கற்பனை"க்கு வருவோம். இது வடசொல், அதுக்காக நான் வேணாம்னு சொல்லல. பாவேந்தர் பொறந்த ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு தனித்தமிழ் பத்தி அக்கறை இல்லாம இருக்க முடியாது, ஆனா என் சண்டை பொருள்ல. தமிழ்ல கற்பனைன்னா என்னவா கேக்குதுன்னு பாருங்க. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "சம்பவங்கள் யாவும் கற்பனையே"ன்னு போடறாங்க, அதாவது எதுவும் நிஜமில்ல, எங்க மேல கேஸ் போடாதீங்க. "நீயா கற்பனை பண்ணிக்காத"ன்னா, இல்லாதத இருக்கறதா நினைக்காத. கற்பனைன்னதும் முதல்ல காதுல விழுறது இந்த "இல்ல"தான். அதுக்கு முன்னாடி அறிவியல்னு ஒரு சொல்ல ஒட்டுனா, இல்லாத அறிவியல்னுதான் ஆகும். பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட "அறிவியல் கற்பனைக் கதை எழுதுங்க"ன்னு சொன்னா சூரியன்ல இறங்கி மாம்பழம் பறிக்கிற கதை வருதுன்னா, அது பிள்ளைங்க தப்பில்ல, தலைப்பு குடுத்தவங்க தப்பு.

ஆனா இந்த வகைக் கதை அப்படி இல்லவே இல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865ல நிலாவுக்குப் போற நாவல் எழுதினாரு. பீரங்கிய எங்க வைக்கணும்னு உக்காந்து கணக்குப் போட்டு, நிலா நேர் உச்சிக்கு வரணும்னா நிலநடுக்கோட்டுலேர்ந்து 28 டிகிரிக்குள்ள இருக்கணும், அமெரிக்காவுல அதுக்கு டெக்சாஸும் ஃபுளோரிடாவும்தான் தோதுன்னு கதைக்குள்ளயே சொல்லி ஃபுளோரிடாவுல வைக்கிறாரு. 1969ல அப்போலோ 11 கிளம்புனதும் ஃபுளோரிடாவுலேர்ந்துதான். அதே நாவல்ல பெரிய தப்பும் இருக்கு, பீரங்கியில அந்த வேகத்துல சுட்டா உள்ள இருக்குற மனுஷன் அந்த நொடியே நசுங்கிடுவான். முக்கியமான விஷயம் இதுதான், இங்க "கணக்கு தப்பு"ன்னு நம்மால சொல்ல முடியுது. பறக்கும் கம்பளத்தப் பாத்து யாராவது கணக்கு தப்புன்னு சொல்வாங்களா? இந்தக் கதைங்களோட ரசிகர் கூட்டமே அப்படித்தான் வளந்துச்சு. கெர்ன்ஸ்பேக் பத்திரிகையில வாசகர் கடிதத்த முகவரியோட போட்டாரு, அதப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் எழுதி, வாதாடி, சங்கம் வச்சு, 1939ல நியூயார்க்ல முதல் உலக மாநாடே நடத்திட்டாங்க. வெறும் கற்பனைன்னா எதப் புடிச்சு வாதாடறது?

"புனை" இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. பூவப் புனையறோம்னா பூ கையில இருக்கு, அத எந்த வரிசையில கட்டறதுன்னுதான் நம்ம வேலை. நெடுநல்வாடையில "புனையா ஓவியம்"னு வருது, வண்ணம் தீட்டாத வெறும் கோட்டுச் சித்திரம். அப்ப கோடு முன்னாடியே இருக்கு, அது மேல தீட்டறதுதான் புனையறது. அறிவியல் கோடு போட்டுக் குடுக்குது, கதை சொல்றவரு தீட்டறாரு. லத்தீன்காரன் களிமண்ணுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். "புனைசுருட்டுன்னா பொய்தானே"ன்னு ஒரு நண்பர் மடக்கினாரு. சரி, ஃபிக்ஷனுக்கும் இங்கிலீஷ்ல அந்தப் பொருள் உண்டு, புனைபெயர்ல எழுதறவங்கள யாரும் பொய்யர்னு சொல்றதில்லையே.

அதனால கதையா இருந்தா அறிவியல் புனைகதை, படம் சீரியல் எல்லாம் சேத்து வகையாச் சொல்லணும்னா அறிவியல் புனைவு. ஜெயமோகன் தன்னோட "விசும்பு" தொகுப்புக்கு அறிவியல் புனைகதைகள்னே போட்டிருக்காரு. "அறிவியல் கதை"ன்னு மொட்டையா விட்டா மேரி கியூரி ரேடியம் கண்டுபுடிச்ச கதைன்னு ஆயிடும், அது வரலாறு. "அறிபுனை"ன்னு ரசிகர்கள் சுருக்கி எழுதறாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா முதல்முறை கேக்கறவருக்கு விளக்க வேண்டியிருக்கு, அதனால நமக்குள்ள வச்சுக்கலாம். இங்கிலீஷ்லயும் சை-ஃபைன்னு 1954ல ஆக்கர்மன்னு ஒரு ரசிகர் சுருக்குனப்ப பழைய ரசிகர்கள் பல பேருக்கு அது பிடிக்கல.

இந்த அலட்சியம் ஒரு சொல்லோட நிக்கல. டப்பிங் படத்துல "பல ஒளியாண்டுகளா உனக்காகக் காத்திருக்கேன்"னு வசனம் கேட்டேன். ஒளியாண்டு தூரம்யா, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்! ரோபோன்னா கண்ண மூடிக்கிட்டு "இயந்திர மனிதன்"னு போட்டுடறாங்க, அப்ப சுஜாதா நாவல்ல வர்ற ரோபோ ஜீனோவ என்ன சொல்றது, அது நாய்க்குட்டியாச்சே. ரோபோங்குற சொல்ல உலகத்துக்குக் குடுத்த செக் எழுத்தாளர் சாப்பெக்கோட நாடகத்துல ரோபோக்கள் இரும்பு இயந்திரமே இல்ல, சதை மாதிரி ஒரு பொருள்ல வார்த்தெடுத்த உருவங்க, செக் மொழியில ரொபோத்தான்னா கட்டாய உழைப்பு. மொழிபெயர்க்கறவங்க அகராதியில முதல் வரியோட நிறுத்திடறாங்க, கதைக்குள்ள அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு பாக்கறதே இல்ல.

டிராகன், மந்திரவாதி வர்றதுக்கு மிகுபுனைவுன்னு ஒரு நல்ல சொல் இருக்கு, விக்கிரமாதித்தனையும் தேவதையையும் அந்த அடுக்குல வைங்க. 1818ல வெளியான ஃபிராங்கன்ஸ்டைன எழுதினப்ப மேரி ஷெல்லி கையில மந்திரக்கோல் இல்ல, செத்த தவளைக் காலு மின்சாரத்துல துடிச்சதப் பாத்த காலம் அது. அந்தப் புத்தகத்துக்கு மேல அறிவியல் புனைவுன்னு எழுதி ஒட்டுங்க, "சிறுவர்"ங்கறதையும் எடுத்துடுங்க.