ஒரு கண்மாய், மூன்று அலுவலகங்கள்: கோப்புகளை இணைப்பது யார் கடமை?

மதுரையைச் சுற்றியுள்ள ஒரு கண்மாயின் எல்லை எதுவரை என்று கேட்டால் ஒரே மேசையில் பதில் கிடைக்காது. அதன் சர்வே எண்ணும் பரப்பும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) இருக்கும். ஆயக்கட்டு, அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்), கரை பற்றிய பதிவுகள் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். வண்டியூர், மாடக்குளம் போல நகரம் சூழ்ந்துகொண்ட கண்மாய் என்றால், அக்கம்பக்கத்துச் சாலையும் கழிவுநீரும் மாநகராட்சியின் பொறுப்பு. கரையோரம் ஒரு சுவர் எழும்பினால் பாசனதாரர்தான் கோப்பைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். சட்டம் அந்த அலைச்சலை அவர் தலையில் சுமத்தவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடோ 1997-லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம். மத்தியச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பதிவேடுகள் அனைத்தையும் முறையாகப் பட்டியலிட்டு, எளிதில் தேடி எடுக்கும்படி அடுக்கி வைக்க வேண்டும்; கணினியில் ஏற்றத் தக்கவற்றை நியாயமான காலத்துக்குள், நிதி வசதிக்கு ஏற்ப ஏற்றி, நாடு முழுவதும் வலைப்பின்னலாக இணைக்க வேண்டும். அரசு அலுவலகங்கள் தங்களிடம் உள்ள அறிவை ஒன்றோடொன்று பகிர வேண்டும் என்ற கடமை இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. முழுச் சட்டத்திலும் அதிகம் புறக்கணிக்கப்பட்ட வரி இதுதான் என்பது என் கருத்து.

செய்ய முடியாத வேலை அல்ல இது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. உட்பிரிவு தேவைப்படாத நிலத்தில் பத்திரப் பதிவுக்குப் பின் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடும் வந்துவிட்டது. பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் கைகோத்தபடியே நீர்வளத் துறையும் ஊராட்சி ஒன்றியமும் கோக்கலாம்.

அடுத்த 4(1)(ஆ) பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைச் சொல்கிறது. அந்த அலுவலகத்தின் வசம் என்னென்ன வகை ஆவணங்கள் உள்ளன என்ற பட்டியலும் அதில் அடக்கம். தகவல் கேட்டு மனு எழுதுமுன் இந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?" என்று கேட்காதீர்கள். "இந்த சர்வே எண்ணில் எல்லை அளந்த வரைபடத்தின் நகல், ஆக்கிரமிப்பு அறிவிப்புகளின் நகல்" என்று இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருப்பதால், அதன்படி நடந்த அளவைப் பதிவுகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

"அது எங்களிடம் இல்லை" என்று மனுவைத் திருப்பித் தர அலுவலருக்கு உரிமை இல்லை. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் மனுவை அங்கே அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. தகவல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தால் தனித்தனியே மனுச் செய்யச் சொல்லலாம் என்று மத்தியப் பணியாளர் துறை 2008-இல் வழிகாட்டியிருக்கிறது. சிதறிக் கிடப்பது அலுவலகங்களின் குறை. அதற்கு மனுதாரர் விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் காலம் வீணாகாமலிருக்க, வருவாய்த் துறைக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று என்று பிரித்தே எழுதுவது நல்லது. ஓர் அலுவலகத்துக்குள்ளேயே பல பிரிவுகளில் கோப்பு இருந்தால் இந்தச் சாக்கு செல்லாது. மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்பில் உள்ள பொதுத் தகவல் அலுவலர் உதவி கேட்கும் எந்த அலுவலரும் உதவியே ஆக வேண்டும். மறுத்தால் அவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார் என்கிறது 5-ஆம் பிரிவு.

30 நாட்களில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் குறை தீராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

அபராதம் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். 19(8)(அ) பிரிவின்படி, பதிவேடுகளைப் பராமரிக்கும் முறையையே மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு ஆணையம் உத்தரவிட முடியும். கோப்பு தொலைந்தது, வேறு பிரிவில் கிடக்கிறது என்ற பதில் உங்களுக்கு வந்திருந்தால், இரண்டாம் மேல்முறையீட்டில் நகலோடு இந்த உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள்.