ஏப்ரலில் விட்டுப்போன ஊசி

பொங்கலுக்கு முந்தின வாரம் ரங்கூனின் தாக்கேத்தா பகுதியிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். வயது 71. டாக்ஸியை விட்டு இறங்கவே மகளும் பேரனும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்து வைப்பது இப்போது ரங்கூனில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நிரம்பிய வாளியை இவர் சுவரோரமாக நகர்த்தியிருக்கிறார். தூக்கக்கூட இல்லை. "பின்னால யாரோ கம்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு டாக்டரம்மா" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன.

இவர் எனக்குப் புதியவர் இல்லை. எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை அவருக்கு ஆரம்பித்து வைத்ததே நான்தான். நான்கு ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். நான்காவது ஊசி ஒரு அக்டோபரில். அடுத்தது ஏப்ரலில் வர வேண்டும். ஏப்ரல் நடுவில் தின்ஜான் தண்ணீர்த் திருவிழா, நமக்குச் சித்திரை வருடப்பிறப்பு. கடைகள் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தன. திறந்த பிறகு கேட்டால் மருந்து வரவில்லை என்றார்கள். அப்புறம் மழை வந்தது, தன்லினில் மகளுக்குப் பிரசவம் வந்தது. முதுகில் வலியும் இல்லை. வலி இல்லாதபோது ஊசி யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசி ஊசி போட்டு 15 மாதம் கழித்துத்தான் அந்த வாளி.

பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். விபூதிப் பொட்டலத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். என் கையெழுத்துதான். ஊசியின் பெயர், போட்ட தேதிகள், கீழே "6 மாதம் கழித்து" என்று ஒரு வரி. ஊசி கிடைக்காவிட்டால் என்ன செய்வது, எத்தனை நாள் தள்ளலாம், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு எழுத்துகூட இல்லை. வாயால் சொன்னேனா என்றும் எனக்கு நினைவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் மருந்து எழுதும் விதமே மாறிவிட்டது. இதை எழுதுவதும் அதனால்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மவர்கள் முட்டிவலியையும் "எலும்புத் தேய்மானம்" என்கிறார்கள், எலும்புப்புரையையும் அப்படியே சொல்கிறார்கள். முட்டியில் தேய்வது மூட்டு, அது வலிக்கும். எலும்புப்புரையில் எலும்பின் உள்கட்டு மெலிந்து ஓட்டை விழுகிறது. உடையும்வரை வலிக்கவே வலிக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. ஸ்கேன் எடுக்க வசதியில்லாதவர்களிடம் நான் உயரத்தைக் கேட்பேன். இளமையில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகில் சத்தமில்லாமல் ஏதோ நசுங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எலும்பு ஒருமுறை கட்டிவிட்டு விட்டுவிடும் சுவர் இல்லை. ஒரு கூட்டம் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டும். வயதானால், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, கரைப்பது ஜாஸ்தியாகிவிடும். நாம் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கரைப்பவர்களை அடக்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அடக்கும் விதம் வேறு. அதனால் நிறுத்தும் விதமும் வேறு.

வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை எலும்புக்குள்ளேயே போய்ப் படிந்துகொள்ளும். வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். வருடம் ஒருமுறை டிரிப்பாக ஏற்றும் ஸொலெட்ரானிக் அமிலமும் அதே குடும்பம். இவற்றை நிறுத்தினாலும் பலன் கொஞ்ச காலம் மெல்ல மெல்லத்தான் குறையும். டெனோசுமாப் அப்படி எலும்பில் தங்குவதில்லை. ஐராவதி டெல்டாவில் வயல் பார்த்த குடும்பங்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: மாத்திரை என்பது கரையில் மண் பூசி வைப்பது. டெனோசுமாப் என்பது மடையைக் கையால் அடைத்துப் பிடித்திருப்பது. பிடித்திருக்கும்வரை சொட்டுத் தண்ணீர் போகாது. கையை எடுத்தால் இத்தனை நாள் தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பாயும்.

மருந்தின் மேல் குற்றமில்லை. 2009இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவுகளை 68 சதவீதம் குறைத்த மருந்து இது. பத்து வருடம்வரை தொடர்ந்து போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாற்று எதுவும் கொடுக்காமல் நிறுத்தினால், சேர்ந்த எலும்பு ஓரிரு வருடத்தில் கரைந்துவிடுகிறது. சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வருகின்றன. கடைசி ஊசியிலிருந்து ஏழாவது மாதத்திலேயே வரலாம், சராசரி 19 மாதம் என்று மருந்தின் கூடவே வரும் தாளில் அச்சிட்டிருக்கிறது. அந்தத் தாளை விரித்துப் படிக்கிற நோயாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. படித்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

அதனால் இப்போது முதல் ஊசிக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசுகிறேன். உங்கள் பேட்டையில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்? இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஏப்ரல் வெயிலில் வீட்டு ஃபிரிட்ஜை நம்பி முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், போடும் நாளில் ஐஸ் பெட்டியில் வரவழைப்போம். ஆறு மாதம் கழித்து எங்கே இருப்பீர்கள்? மகன் சிங்கப்பூரில் என்றால், அங்கே போய் மூன்று மாதம் தங்கும் எண்ணம் உண்டா? உண்டு என்றால் அங்குள்ள மருத்துவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சிறுநீரகப் பரிசோதனை செய்தாயிற்றா? டயாலிசிஸ் அளவுக்குப் போனவர்களுக்கு இந்த ஊசி இரத்தத்தில் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

அப்புறம் சீட்டில் இரண்டு தேதி எழுதுகிறேன். ஊசி போட வேண்டிய நாள் ஒன்று. எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாத நாள் இன்னொன்று, கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதம், சிவப்பு மையில். அதற்குள் ஊசி கிடைக்காது என்று தெரிந்தால் காத்திருக்காமல் என்னிடம் வர வேண்டும். அந்த வாரமே அலென்ட்ரோனேட்டையோ ஸொலெட்ரானிக் டிரிப்பையோ ஆரம்பித்துவிடுவோம். முடிந்தவரை முதல் ஊசியை ஜனவரி, பிப்ரவரியில் வைக்கிறேன். அப்போதுதான் அடுத்தது ஜூலை, ஆகஸ்டில் விழும், தின்ஜான் குறுக்கே வராது. இத்தனைக்கும் தயாராக இல்லாதவர்களுக்கு நான் டெனோசுமாப் ஆரம்பிப்பதே இல்லை. இறக்குமதி இன்றைக்கு இருக்கும் நிலையில், இந்த ஊரில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையோ வருட டிரிப்போதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. என் சக மருத்துவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாத்திரையின் பாடு வேறு. மருந்தைப் பற்றி வரும் புகார்களில் பாதி, அதை விழுங்கிய விதத்தைப் பற்றியதுதான். வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் சாதாரணத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். நமக்கோ கண் விழித்ததும் கண்டென்ஸ்டு பால் ஊற்றிய டீ, அடுத்து மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ். டீயோடு போட்டால் மாத்திரை உடம்பில் சேராது. போட்டதும் சாய்ந்து படுத்தால் உணவுக்குழாய் எரியும். "நெஞ்செரிச்சல், நிறுத்திட்டேன்" என்று வந்தவர்களில் பலருக்கு முறையை மாற்றியதும் சரியாகிவிட்டது. என்னிடம் வரும் ஒரு பாய் வீட்டு அம்மா அழகான வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு மாத்திரையைப் போட்டு, அப்படியே உட்கார்ந்து அரைமணி நேரம் குர்ஆன் ஓதுகிறார். நான்கு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்துகொள்கிறார். விழுங்கவே சிரமப்படுகிறவர்களுக்கும், உணவுக்குழாயில் புண்ணோ அடைப்போ உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை வேண்டாம். அவர்களுக்கு டிரிப் இருக்கிறது.

டிரிப் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: காய்ச்சல். முதல் தடவை மூன்றில் ஒருவருக்கு உடம்புவலியும் காய்ச்சலும் வரும், மூன்று நாளுக்குள் போய்விடும். பாராசிட்டமால் போதும். அடுத்த வருடங்களில் குறைந்துவிடும். பகோவிலிருந்து மழைக்காலத்தில் வந்த ஒருவருக்கு இதைச் சொல்லாமல் விட்டதால், டெங்கு என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "அந்த மருந்து இனி வேண்டவே வேண்டாம்" என்று குடும்பமே சொல்லிவிட்டது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மட்டும் கட்டாயம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டிரிப்புக்கு முன் சிறுநீரகமும் வைட்டமின் டியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

புது எலும்பைக் கட்டும் டெரிபாராடைட் தினமும் போடும் ஊசி, பொதுவாக இரண்டு வருடம்வரை. செலவு அதிகம் என்பதால் இங்கே சிலருக்குத்தான் கைகூடுகிறது. முடித்த கையோடு மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தொடராவிட்டால் கட்டியது கரைந்துபோகும்.

தாடை எலும்பு அழுகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் அந்த ஆபத்து அதிகம். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் மிக அபூர்வம். ஆனால் நம் ஊரில் வெற்றிலை போட்டுப் போட்டு ஈறும் பல்லும் கெட்டுப்போனவர்கள் ஏராளம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். வருடக்கணக்கில் மருந்து எடுக்கிறவர்களுக்குத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக மந்தமான வலி வந்தால், முட்டிவலி மாதிரி தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். தொடை எலும்பில் அபூர்வமாக வரும் ஒரு விரிசலின் முன்னறிகுறியாக அது இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இப்படி அபூர்வமான தொல்லைகள் இருப்பதால்தான் மாத்திரையை ஐந்து வருடம், டிரிப்பை மூன்று வருடம் கொடுத்த பிறகு நின்று யோசிக்கிறோம். முறிவு எதுவும் இல்லை, ஸ்கேன் அளவும் தேறியிருக்கிறது என்றால் சிறிது காலம் இடைவெளி விடலாம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் நீட்டிப்போம். இந்த இடைவெளிச் சலுகை டெனோசுமாபுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு "டாக்டர் லீவு கொடுத்தாங்க" என்று கேட்டு, தன் ஊசியையும் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கா சாப்பிட்டது மாத்திரை, இவர் போட்டது ஊசி.

இன்னொன்று. வலிக்குக் கடையில் கலந்து கொடுக்கும் பொட்டல மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு கரையும். நான் கொடுக்கும் மருந்து ஒரு பக்கம், அந்தப் பொட்டலம் இன்னொரு பக்கம் இழுக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். ஆனால் பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

தாக்கேத்தா அம்மாவுக்கு வைட்டமின் டியைச் சரிசெய்து, தைப்பூசம் கழிந்த வாரம் ஸொலெட்ரானிக் டிரிப் ஏற்றினோம். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இப்போது தானாக நடக்கிறார். வாளி பேரனின் வேலை. உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் போனது போனதுதான். புடவை தரையில் இழுபடுகிறது என்று கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொள்கிறார். போன வாரம் வந்தபோது புதுச் சீட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இது விட்டுப்போனா என்ன செய்யணும்னு இதுல எழுதலையே" என்றார். வாங்கி எழுதிக் கொடுத்தேன்.