லெந்துலுஸ் கடிதத்தைப் பிரசங்க பீடத்துக்குக் கொண்டுவராதீர்கள்

லெந்து காலம் (தவக்காலம்) வந்தால் போதும், 'இயேசுவை நேரில் கண்ட ரோம அதிகாரியின் கடிதம்' வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்துகிறவன் என்பதால் "ஐயா, இது உண்மையா?" என்று எனக்கும் அனுப்புவார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வருடம் ஒரு போதகர் யாரையும் கேட்காமல் பெரிய வெள்ளி ஆராதனையிலேயே அதை வாசித்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எழுதியவர் புப்லியுஸ் லெந்துலுஸ், எருசலேமின் ஆளுநராம். ரோம செனட் சபைக்கு எழுதினாராம். இயேசுவுக்கு நடுவகிடு, இரண்டாகப் பிரிந்த தாடி, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அழுது பார்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் வர்ணனை. சரி, எருசலேமுக்கென்று ரோம ஆளுநர் பதவியே கிடையாது. யூதேயாவுக்குத்தான் உண்டு. கி.பி. 26 முதல் 36 வரை அதில் இருந்தவர் பொந்தியு பிலாத்து. அந்தப் பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டியது பேரரசருக்கு, செனட்டுக்கு அல்ல. இன்னொன்றையும் யோசியுங்கள். தெர்த்துல்லியன், அலெக்சாந்திரியா கிளெமெந்து போன்ற பழைய திருச்சபை ஆசிரியர்கள் இயேசுவின் தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது ஏசாயா 53இல் வரும் அழகில்லாத ஊழியரைப் பற்றிய தீர்க்கதரிசனத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் அழகாக இருக்கவில்லை என்றார்கள். கையில் இப்படி ஒரு நேரடி சாட்சி இருந்திருந்தால் தீர்க்கதரிசனத்தை வைத்து ஏன் ஊகிக்க வேண்டும்? 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா இதைப் போலி என்று சொல்லியாயிற்று. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தோடு ஒத்துப்போவதால் நம்பிவிடுகிறோம். படத்தைப் பார்த்துத்தான் கடிதமே எழுதப்பட்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிரியாவில் தூரா யூரோப்போஸ் வீட்டு ஆலயத்தில், கி.பி. 256க்கு முன் தீட்டிய சுவரோவியத்தில் இயேசு தாடியில்லாத இளைஞர்!

அப்போஸ்தலன் பவுலின் தோற்ற விஷயம் வேறு. குள்ளம், வழுக்கை, வளைந்த கால், கூடிய புருவம், கொஞ்சம் எடுப்பான மூக்கு என்ற வர்ணனை நிஜமாகவே 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவுலையும் அவரைப் பின்பற்றிய தெக்லாள் என்ற பெண்ணையும் பற்றிய கதையில் வருகிறது. ஆனால் அதை எழுதியவர் ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருவர் என்றும், பவுல் மேலுள்ள அன்பால் எழுதியதாக ஒப்புக்கொண்டு பதவியை இழந்தார் என்றும் தெர்த்துல்லியன் சொல்கிறார். ஓவியர்கள் மட்டும் அந்த வழுக்கையை இன்றுவரை விடவில்லை.

அப்புறம் 2001இல் வந்த, இயேசுவின் முகம் என்று சுற்றும் 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முகம்'. அது முதல் நூற்றாண்டு யூதர் ஒருவரின் மண்டையோட்டை வைத்துச் செய்தது. அந்தக் காலத்து ஆள் ஒருவர் எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எதையும் ஃபார்வர்டு செய்யுமுன் இதன் மிகப் பழைய பிரதி எந்த நூற்றாண்டு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். போதகர்களே, தயவுசெய்து பீடத்தில் வாசிக்காதீர்கள். நீங்கள் வாசித்ததைச் சபை வேதத்தோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். ஓய்வுநாள் பள்ளியில் இயேசு எப்படி இருந்தார் என்று பிள்ளைகள் கேட்டால், நான்கு சுவிசேஷகர்களும் அவர் முகத்தைப் பற்றி எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.