சாய்தளத்தோடு முடிவதில்லை: மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அலுவலகம் தர வேண்டியவை

பல அலுவலகங்களின் வாசலில் சாய்தளம் இருக்கிறது. அதன் குறுக்கே யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால், கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. கேட்டால், "ராம்ப்தான் போட்டாச்சே!" என்பார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதோடு விடுவதில்லை. 2017 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள இந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். இணையதளத்திலும் போட வேண்டும். அது முடியாவிட்டால் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்தப் பணியிடங்கள், என்ன உதவிக் கருவிகள், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் முன்பே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு. மத்திய அரசின் வழிகாட்டுதலில் சரிவு 1:12, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கதவுத் திறப்பு 900 மி.மீ., சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. இடம். இப்படி வெறும் வழிகாட்டுதலாக விடாமல் கட்டாய விதிகளை வகுக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, கட்டடம் பொது. ஆளுக்கு ஆள் தேவை வேறு அல்லவா? சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் பலவற்றுக்குச் சாய்தளத்தால் பயனே இல்லை. பார்வையற்றவருக்குத் திரை வாசிப்பான், அதாவது கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், வேண்டும். காது கேளாதவருக்குக் கூட்டத்தில் சைகை மொழி அல்லது எழுத்து வடிவம். மனநலப் பாதிப்பு உள்ளவருக்கு ஒருவேளை பணி நேரத்தில் சின்ன மாற்றம் போதும். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாகாதவரை இப்படி ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாற்றம் செய்வதையே சட்டம் 'நியாயமான தகவமைப்பு' என்கிறது. செலவு என்று தயங்குபவர்களுக்கு: என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது.

அரசு அலுவலகங்களுக்கு இந்தத் தகவமைப்பு 20ஆம் பிரிவின்படி நேரடிக் கடமை. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அவை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது; பழைய பணி முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும்.

தேவையை வாய்மொழியாகச் சொல்லாமல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுங்கள். நடக்கவில்லையா, அந்த நகலோடு மாநில ஆணையரிடம் போகலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.